பாங்காக் பஸ்ஸில் நான் பிடித்த சீட்டு

என்னை யாராவது கெட்டிக்காரி என்று சொன்னால், என் வீட்டுக்காரர் உடனே தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் நான்தான். மறைப்பதற்கில்லை.

நான் வாலாஜாபாத்துக்காரி. மூன்று வருஷம் காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். எங்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரே சட்டம்தான். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக எந்த சீட்டில் உன் பையோ துண்டோ விழுந்ததோ, அந்த சீட்டு உன்னுடையது. அப்புறம் நீ வேர்க்கடலை வாங்கிக்கொண்டு சாவகாசமாக ஏறலாம். போலீஸ்காரரே வந்தாலும் "இது யாருடைய பை?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். அந்த மூன்று வருஷமும் நான் நின்றுகொண்டு போன நாளே கிடையாது. (வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச்சில்லை.)

1991-இல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மண்ணூர். சேரப்பணஞ்சேரி பக்கம் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர், இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. மொய்ப்பணத்தில் பீரோ வாங்கச் சொல்லி இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். இவரோ பாங்காக் என்றார். எவனோ ஒரு வெள்ளைக்காரன் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு சல்லிசாக உலகம் சுற்றியதைப் பத்திரிகையில் படித்துவிட்டாராம். நானும் தலையாட்டினேன். புதுப் பெண்டாட்டி வேறென்ன செய்வாள்?

லீவுக்கு வழியில்லை. அதனால் குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் ஒரு புளுகை அவிழ்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஏ ஷிப்டுக்கு வந்தால் பர்மனென்ட், வராவிட்டால் வரவே வேண்டாம் என்று அவரும் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். முடியைப் பற்றிக் கேட்டால், கோயிலில் கூட்டம், நாவிதர் கிடைக்கவில்லை என்று சமாளிப்பதாகத் திட்டம்.

பாங்காக்கில் நாங்கள் தங்கிய அறையில் பன்னிரண்டு கட்டில்கள். தேனிலவுக்கு வந்த எனக்கு மேல் கட்டில், இவருக்குக் கீழ்க் கட்டில், எதிரே அரை டிராயரில் ஆறடி ஜெர்மன்காரன். டாக்சி என்ற வார்த்தையே எடுக்கக் கூடாது. இவர் சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து மேப்பின் மேல் வைப்பார். "அரை இன்ச்சுதான், நடந்துடலாம்." அந்த அரை இன்ச்சை முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். வழியில் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. (வாங்கிய சோறு, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சல்.) இரண்டாம் நாள் அரண்மனை. உள்ளே போக டிக்கெட் என்றதும், மதில் சுவரை நாலு பக்கமும் சுற்றிக் காட்டிவிட்டார். சுவர் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மறுநாள் காலை விமானம். சாயங்காலம் என் கால் இரண்டும் வீங்கிப்போய் செருப்புக்குள் நுழைய மறுத்தன. இவர் மறுபடி ஸ்கேலை எடுத்தார். அப்போதுதான் ஒரு பஸ் வந்து என் பக்கத்தில் நின்றது. ஜன்னலோரம் ஒரு சீட்டு காலி.

என் கை என்னைக் கேட்கவே இல்லை. தோளில் இருந்த துணிப்பை பறந்துபோய் சீட்டின் நட்டநடுவில் உட்கார்ந்தது. எங்கள் ஊராக இருந்தால் நாலு பேர் கைதட்டியிருப்பார்கள். நான் பெருமையோடு திரும்பி, "ஏங்க, சீட்டு புடிச்சாச்சி, மெதுவா வாங்க" என்றேன்.

மெதுவாகத்தான் வந்தார். பஸ் நின்றது சிக்னலுக்காக. பச்சை விழுந்ததும் போய்விட்டது.

"பாஸ்போர்ட் எங்க கீது?" என்றார் இவர்.

"பையில."

"டிக்கெட்டு?"

"அதுவும் பையில."

"பை எங்க கீது?"

"சீட்டுல" என்றேன். அந்த நேரத்திலும் சீட்டு நம்முடையது என்ற நினைப்பு எனக்கு.

பஸ் நம்பர் மட்டும் என் நினைவில் இருந்தது. அங்கே கொய்யா விற்ற அம்மாளிடம் விரலால் நம்பரைக் காட்டி, கையால் பையை வீசி நடித்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, திரும்பி வரும்போது எதிர்ப்புறம்தான் வரும் என்று சாலைக்கு அந்தப் பக்கம் கைகாட்டினாள். அங்கே போய் நின்றோம். அந்த நம்பர் பஸ் ஒவ்வொன்றிலும் இவர் முன்வாசல், நான் பின்வாசல் என்று எட்டிப் பார்த்தோம். ஐந்து பஸ் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பயமும்தான். வந்த மருமகள் வேலைக்கு உலை வைத்துவிட்டாள் என்று மண்ணூர் முழுக்கப் பேசுவார்களே.

"சாமி, பை கெடச்சா இவரு நெஜமாவே மொட்டை போடுவாரு" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

"என் தலைய நீ இன்னாத்துக்கு நேர்ந்துக்கற?"

"நீங்க ஏற்கெனவே சொல்லிட்டு வந்ததுதான?"

இவர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஆறாவது பஸ். நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். ஜன்னலோர சீட்டில் மட்டும் யாருமில்லை. என் பை தனியாக, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கண்டக்டர் அம்மாள், டிக்கெட்டும் சில்லறையும் போட்டு வைக்கும் தகரக் குழாயும் கையுமாகக் காவல். பாஸ்போர்ட்டில் இருந்த போட்டோவை என் முகத்தோடு ஒத்துப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அதே சீட்டில் உட்கார வைத்தாள். பையை மடியில் போட்டாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை தெரியாது எனக்கு. இருந்தும் ஒன்றுவிடாமல் புரிந்தது.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கலாம் என்றார், நின்றுகொண்டே வந்த இவர். பஸ் வேறு நாங்கள் தங்கிய இடத்துக்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம் போலாம். கஷ்டப்பட்டுப் புடிச்ச சீட்டு" என்றேன்.

ஞாயிறு ஊருக்கு வந்ததும் நேரே குலதெய்வக் கோயில், மொட்டை. திங்கள் காலை சூப்பர்வைசர் தலையைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தார். வேலை பர்மனென்ட் ஆனது. அன்றைக்கே அடையாள அட்டைக்குப் போட்டோவும் எடுத்தார்கள். ரிட்டையர் ஆகும்வரை இவர் அட்டையில் அந்த மொட்டைத் தலையோடுதான் கேட்டுக்குள் போனார்.

இன்றைக்கும் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் வரும்போது நான் தோள்பையைச் சரிசெய்தால் போதும். "அப்பா, தலைய புடிச்சிக்க" என்பாள் என் மகள். அவரும் ஒரு கையால் தலையையும், மறு கையால் என் பையையும் பிடித்துக்கொள்வார்.