நாலு மணிப் பசி

"இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பிட்ட?" என்று கேட்டான் கணவன்.

"சாப்பாடுதான்" என்றாள்.

"அதுல என்ன இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவளுக்கு. அறுநூறு பக்கப் புத்தகத்தில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை மூன்று நாள் கழித்தும் பக்க எண்ணோடு சொல்வாள். ஆனால் ஒரு கையில் பென்சிலும் மறுகையில் கரண்டியுமாகத் தான் விழுங்கியது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

"பூசணிக்காய்" என்றான். "காலையில எழுந்து தோல் சீவினேன்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறாள். இப்படிச் சின்னதாகிப் போய்ப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உறைத்தது. தினமும் நாலு மணிக்கு அலுவலக பிஸ்கட் டின்னுக்குள் போகிற கை அவளுடையதுதான். மனசுக்குத் தெரியாமல் உள்ளே போனதை வயிறு ஒப்புக்கொள்வதில்லை போலும்.

இனிமேல் கவனமாகச் சாப்பிடுவது என்று தீர்மானித்தாள். மறுநாள் பன்னிரண்டரைக்கே எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து நீல மூடி டப்பாவை எடுத்து வந்தாள். வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் அச்சகம் கொடுக்கிற டப்பா அது. பெரும்பாலோர் வெளியே சாப்பிடுவதால் அதில் குண்டூசி போட்டு வைத்திருந்தார்கள். தாள்களைக் கவிழ்த்துவிட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மென்றாள். எதிர் மேஜையில், அட்டைப்படம் வடிவமைக்கப் போன வாரம் சேர்ந்த பெண் கணினித் திரையைப் பார்த்தபடி சாப்பிட்டாள். நேற்றுவரை தானும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நாலு மணி வந்தது, போனது. பசிக்கவில்லை. பிஸ்கட் டின் மட்டும் எப்போதும்போல் காலியாகிக்கொண்டிருந்தது. யாரோ கவனமில்லாதவர், பாவம்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "முட்டையில மிளகு கொஞ்சம் தூக்கல். நல்லா இருந்துச்சுங்க."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். "அப்படியா" என்றான்.

பாராட்டு போதவில்லை போலிருக்கிறது. அடுத்த நாள் விவரம் கூட்டினாள். உருளைக்கிழங்கின் ஓரம் முறுகியிருந்ததையும், எலுமிச்சை பிழிந்தவர் விதை ஒன்றுகூட விழாமல் பார்த்துக்கொண்ட அக்கறையையும் சொன்னாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்றான்.

மூன்றாம் நாள் குறிப்பெடுத்துக்கொண்டே சாப்பிட்டாள். முழுசாக ஒரு பக்கம் வந்தது. அன்று மாலை அதை வாசித்துக் காட்டியபோது, மீன் வந்த இடத்தில் அவன் கையை உயர்த்தினான்.

"போதும். தெரியலன்னு முழிச்சியே, அதுவே தேவலாம். நாளையிலேர்ந்து சாப்பாட்டை நீயே கட்டிக்கோ."

கவனிக்காவிட்டாலும் குற்றம், கவனித்தாலும் குற்றம் என்றால் ஒருத்தி எப்படித்தான் சாப்பிடுவது?

நாலாம் நாள் வெறுங்கையோடு வேலைக்குப் போனாள். பழக்கதோஷத்தில் பன்னிரண்டரைக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தால், நீல மூடி டப்பா. ஒன்றே ஒன்று. அவன் வேலைக்குப் போகிற வழியும் இதுதான். கோபத்தோடு சமைத்து, கோபத்தோடு கொண்டுவந்து, சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பன்னிரண்டு வருஷம் கவனிக்காமல் தின்றதற்கெல்லாம் சேர்த்து, கண் கலங்க, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது அட்டைப்படப் பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் பிஸ்கட் டின். அதுவும் காலி.

"தியானம் மாதிரி சாப்பிடறீங்க, கலைக்க வேணாம்னுதான் இருந்தேன்" என்றாள் தயங்கித் தயங்கி. "மூணு நாளா நீங்க என் டப்பாவைச் சாப்பிட்டீங்க, நான் உங்க டப்பாவைச் சாப்பிட்டேன், சரி. இன்னிக்கு உங்க டப்பா எங்க, அக்கா?"