பதினேழு மார்க்கு மாப்பிள்ளை

மூன்று மாப்பிள்ளைகளுக்கு மார்க்கு போட்டவன் நான். அவர்களில் ஒருவர் தன் மார்க்கைத் தானே படித்தபோது எதிரில் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

அலுவலகத்தில் என் வேலை அப்படி. எந்த இயந்திரம் வாங்கலாம், எங்கே கிடங்கு கட்டலாம் என்று முடிவு சொல்லும் மென்பொருளோடு மாரடிப்பேன். விலை, தரம், தூரம் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்று நாம் சொன்னால், அது முதலிடத்தைக் காட்டும். (எடையை ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்காது. அதுதான் அதனிடம் எனக்குப் பிடித்த குணம்.)

அக்காவுக்கு மூன்று வரன்கள் வந்தன. விட்டேனா? வேலைக்குப் பத்து, குணத்துக்குப் பத்து (குணத்தைப் போட்டோவைப் பார்த்தே கணித்துவிட்டேன்), ரயில் வசதிக்கு இருபத்தைந்து, பயண நேரத்துக்கு இருபத்தைந்து, பஸ் மாறாமல் போவதற்கு முப்பது. அரக்கோணத்து வரன் எண்பத்தெட்டு வாங்கினார். சித்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில் மாட்டு டாக்டராக இருந்தவருக்குப் பதினேழு. அக்காவுக்குப் பிடித்திருந்தது அந்தப் பதினேழைத்தான் என்று அம்மா சொல்லியிருந்தார். நைனாவிடம் காட்டி அதைக் கலைத்துவிடலாம் என்று அச்செடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

சித்தூர்க்காரர்கள் பெண் பார்க்கத் திருத்தணியில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். செய்தித்தாளில் வைத்தால் பஜ்ஜியில் மை ஒட்டும் என்று அம்மா வெள்ளைத்தாள் தேடியிருக்கிறார். எழுத்தில்லாத பக்கம் மேலே, அதன்மேல் பஜ்ஜி. எண்ணெய் ஊற ஊற எழுத்தெல்லாம் மேலே தெரிந்தது. மாப்பிள்ளை கடைசி பஜ்ஜியை எடுத்தார், தாளைத் திருப்பினார், நிதானமாகப் படித்தார்.

"பதினேழுங்களா? பாஸா, பெயிலா?"

நைனா என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வைக்குத் தனி அட்டவணை வேண்டும்.) அக்கா வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். சம்பந்தம் போயே போச்சு என்று நினைத்தேன்.

"வேலைக்கு ஒம்போது, குணத்துக்கு எட்டு போட்டுக்கிறான்" என்றாள். "மீதி மூணும் ஒண்ணுதான்டா. நான் கிட்டவே இருக்கணும்னு மூணு தடவ எண்ணிக்கிற."

அதுவரை எனக்கே தெரியாது. இருபத்தாறு வயதில், பஜ்ஜித் தட்டுக்கு முன்னால், அவள் போய்விடுவாளே என்று அழுதேன்.

மாப்பிள்ளை கைக்குட்டையை நீட்டினார். "தூரந்தாங்க, அவர் சொல்றது நாயம். மாசா மாசம் கிருத்திகைக்கு மலைக்குக் கூட்டினு வரேன். அதுக்கு எவ்ளோ போடுவீங்க?"

இன்றுவரை ஒரு கிருத்திகையும் தவறவில்லை. மூன்று பஸ் மாறி வந்து செருப்பைக் கழற்றும்போதே, "மச்சான், மார்க்கு?" என்பார் பாவா. (அக்கா புருஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அங்கேயும் பஜ்ஜி. எல்லோரும் பெண்ணைப் பார்க்க, பாவா மட்டும் என் தட்டிலிருந்த தாளை மெல்ல உருவித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் பேப்பர்தான் மச்சான், தைரியமா சாப்புடு" என்றார்.