கத்தரிக்காய்க்கும் இரத்தப் புற்றுநோய்

வெல்லாவெளியில் அந்தப் போகம் நெல்லைவிட நன்றாக விளைந்தது இரத்தச்சாமி கந்தப்போடியின் தகரக் கொட்டில்தான். குருக்கள்மடத்திலிருந்து வான் பிடித்து வந்தார்கள். படித்தவர்களும் வந்தார்கள், படித்ததைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்தார்கள்.

சாமியின் வைத்தியம் சுருக்கமானது. நோயாளியின் உள்ளங்கையில் திருநீறு பூசி, மஞ்சள் தண்ணீரில் கையை விடச் சொல்வார். தண்ணீர் சிவக்கும், கெட்ட இரத்தம் இறங்கிவிட்டதாம். தேசிக்காய்ப் புளி பிழிவார். மறுபடி மஞ்சள், இரத்தம் சுத்தமாம். பிறகு மாத்திரை எதற்கு? அதைப் போடவென்றே பக்கத்தில் ஓர் உண்டியல்.

வதனி அப்பாவோடு வரிசையில் நின்றாள். அப்பா நல்லரத்தினத்துக்கு இரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரி மருந்தில் அடங்கி ஏழு மாதம். அடங்கியது மறுபடி எழும்பாமலிருக்க இரண்டு வருடம் மாத்திரை குடிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரிப்போட்தான் நல்லாயிருக்கிறதே என்று அப்பா மாத்திரைப் பையோடு சாமியிடம் கிளம்பிவிட்டார்.

"கோரை மேலால தெரியல்ல எண்டு வட்டையச் சும்மா விடுவீங்களா அப்பா? கிழங்கு சேத்துக்குள்ள கிடக்கும் எண்டு சொல்லித்தந்ததே நீங்கதான்."

"அது வயல், மகள். இது சாமி."

அவர் முறை வந்தது. சாமி திருநீறு பூசினார். கையைத் தண்ணீரில் விடுமுன் வதனி அந்தத் திருநீற்றை வழித்தெடுத்து, முன்னால் வெற்றிலை மென்றபடி நின்ற கிழவி சீதேவிப்பிள்ளையின் பையிலிருந்த கத்தரிக்காயில் பூசி, தண்ணீரில் அமுக்கினாள்.

தண்ணீர் இரத்தச் சிவப்பானது.

"சாமி, இந்தக் கத்தரிக்காய்க்கு எத்தின நாளா வருத்தம்?"

கத்தரிக்காயிலும் தோஷம் உண்டு என்றார் சாமி. வதனி அப்பாவின் கையைக் கழுவி, திருநீறில்லாமல் புதிய மஞ்சள் தண்ணீரில் வைத்தாள். தண்ணீர் அசையவில்லை, மஞ்சளாகவே கிடந்தது.

சீதேவிப்பிள்ளை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். திருநீற்றுத் தட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"சுண்ணாம்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்துக் கலியாணத்தில சுத்துற நம்மட ஆலாத்தித் தண்ணி தானேகா இது. நாப்பது வருசமாக் கரைக்கிறன்."

கூட்டம் சிரித்தது. சாமிக்கு அவசரமாக வெளியே போகவேண்டி வந்தது; பின்பக்கம் மோட்டார் சைக்கிள் உறுமியது. உண்டியலை உடைத்தவர்களிடம், கலந்துபோன மாத்திரைகளை விழுங்காமல் நாளைக்கே கிளினிக் போகச் சொன்னாள் வதனி. நல்லரத்தினம் தன் பையை இறுக்கி மடியில் செருகினார். இன்றைய மாத்திரையை எத்தனை மணிக்குக் குடிக்கவேண்டும் என்று மகளிடம் கேட்டார்.

அந்தக் கொட்டிலில் ஆலாத்தி கரைக்கத் தெரியாத பெண் ஒருத்தியும் இல்லை. கைக்குத் தெரிந்தது தலைக்கு ஏற ஒரு கத்தரிக்காய் வேண்டியிருந்தது. நாளைக்கு வேறொரு சாமி வருவார். போவதென்றால் தலையையும் கொண்டுபோங்கள். அதற்கு வான்காரன் தனிக்கூலி கேட்பதில்லை.