ஆறடி வில்லனும் இடுப்பளவு தேயிலையும்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் நாவலக்காவைப் போல ஒரு வாசகி இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் பிறந்தாலும் அந்தப் பிள்ளையை நாவலக்காவே நாலு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாரடி அது என்று நாங்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அக்காவும் எங்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ஏதாவது வேலைக் கடிதம் வரும்வரை நானும் இரண்டு வருஷம் கொழுந்தெடுத்தேன். அப்போது தோட்டத்து லயத்தில் அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரே சுவர்தான். மனுஷி ஓரிடத்தில் நிற்க மாட்டார். ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, நாவலும் கையுமாக வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார். ரொட்டி எவ்வளவு கருகியிருக்கிறது என்று பார்த்தே, கதை எவ்வளவு சூடாகப் போகிறது என்று நாங்கள் சொல்லிவிடுவோம்.

அவர் வாசித்தது ஒரே ஒரு எழுத்தாளரைத்தான். இந்தியாவில் இருக்கும் அந்த அம்மாவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அக்கா என்னைச் சும்மா விட மாட்டார். காதலும் மர்மமும் கலந்த கதைகள். காதலிப்பவன் யார், கத்தி வைத்திருப்பவன் யார், இரண்டு பேரும் ஒருவன்தானா என்பது கடைசி அத்தியாயம் வரை தெரியாது.

அக்கா வீட்டில் வாசித்த கதை மறுநாள் மலையில் எங்களுக்குக் கிடைக்கும். கொழுந்தெடுக்கும்போது கைக்குத்தானே வேலை, வாய் சும்மாதானே இருக்கிறது? அவர் தன் தேயிலை நிரையில் எடுத்துக்கொண்டே கதை சொல்வார். அதனால் அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கும் நிரைகளுக்குக் காலையில் அடிபிடி நடக்கும். ஒருநாள் அந்தச் சண்டையில் என் தலைத்துண்டே கிழிந்தது.

“கதவு மெதுவாத் தொறந்துச்சு. உள்ள யாரு நின்னா தெரியுமா?”

“யாருக்கா?”

சரியாக அந்த நேரம் பார்த்து நிறுவைக்குக் கூப்பிடுவார்கள். அக்கா கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொள்வார். “மிச்சம் நிறுவைக்குப் பொறகு.”

எங்கள் கங்காணி, யாராவது முற்றிய இலை பறிக்கிறார்களா என்று பார்க்கிற சாக்கில் பின்னாலேயே வருவார். “கதைய நிப்பாட்டிட்டு வேலயப் பாருங்க!” என்று மலை அதிரக் கத்துவார். கத்தி முடித்ததும் அக்காவின் பக்கம் குனிந்து, “அந்தப் பிள்ள உசுரோட இருக்கா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க” என்று கெஞ்சுவார்.

இப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரே ஒரு குறை. அந்த அம்மா கடற்கரை எழுதினார், மாளிகை எழுதினார், விமானத்துக்குள்ளேயே ஒரு கொலை எழுதினார். தேயிலை மலையை மட்டும் எழுதவே இல்லை.

அந்த அம்மாவுக்கு முகநூலில் ஒரு பக்கம் இருப்பதை என் போனில் கண்டுபிடித்தோம். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது தண்ணித் தாங்கி இருக்கும் மேட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போய், தாங்கியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி, எங்கள் மலையை எழுதும்படி அக்கா கடிதம் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். எட்டாவது கடிதத்துக்குப் பதில் வந்தது: “உங்கள் மலையை வைத்தே அடுத்த நாவல், சகோதரி.” அக்கா அதை டவுனில் அச்செடுத்து அடுப்புக்கு மேலே ஒட்டினார். அன்றைக்கு ரொட்டி முழுதாகவே கரியாகிப் போனது.

அதன்பிறகு அக்கா பட்ட பாடு இருக்கிறதே! வாரத்துக்கு ஒருதரம் பஸ் ஏறி டவுன் புத்தகக்கடைக்கு ஓடுவார். கடைக்கார நானா இவரைத் தூரத்தில் கண்டதுமே இல்லை என்று தலையை ஆட்டுவார். தலையாட்டிப் பார்த்த பிறகும் உள்ளே போய் ஒவ்வொரு தட்டாகத் தேடிவிட்டுத்தான் அக்கா திரும்புவார். ஏழு மாதம் கழித்து ஒருநாள், அந்த நானாவே ரோட்டுக்கு இறங்கி வந்து புத்தகத்தைத் தலைக்கு மேலே ஆட்டினாராம்.

“இத நான் மட்டும் முன்னாடியே படிச்சா பாவம்டி. எல்லாருமா ஒண்ணாக் கேப்போம்” என்றார் அக்கா. அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தவறு அதுதான்.

ஞாயிறு பகல் கோயில் முன்னால் பாய் விரித்தோம். இரண்டு லயத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். கங்காணி வீட்டிலிருந்து கதிரையோடு வந்தார். அக்கா புதுச்சேலை கட்டி, நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். முதல் பக்கத்தில் கதாநாயகி நுவரெலியா ரயில் நிலையத்தில் வந்து இறங்கினாள்.

“நுவரெலியாவுல எங்கக்கா ஸ்டேஷன் இருக்கு?” என்று கேட்டது நான்தான். “நானுஓயாவுலதான எறங்கணும்?”

“பேசாம இருடி” என்றார் அக்கா. கதாநாயகன் அவளை அழைத்துப்போக அதே நிலையத்தில்தான் காத்திருந்தான்.

“அப்ப அவன் இன்னும் அங்கனதான் நிப்பான்” என்றார் கங்காணி.

முதல் சிரிப்பு கிளம்பியது. அக்கா வேகமாக அடுத்த அத்தியாயத்துக்குப் போனார். கதாநாயகி நிலா வெளிச்சத்தில் பட்டுச்சேலையோடு கொழுந்தெடுத்தாள். பெரிய பெரிய இலைகளாகப் பார்த்துக் கை நிறையப் பறித்தாள். முற்றிய இலை என்றதும் கங்காணிக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. “யாரு அவள வேலைக்குச் சேத்தது?” என்று எழுந்தேவிட்டார்.

கடைசியில் வில்லன் வந்தான். ஆறடி உயரமாம். தேயிலைச் செடிக்குப் பின்னால் மறைந்து நின்றானாம்.

எனக்கு அடுத்த நிரைக்காரி மல்லிகா தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள். “செடி இம்புட்டுத்தானக்கா இருக்கு? நின்னா தலயும் தெரியும், தொந்தியும் தெரியும்.”

“படுத்துக் கெடந்திருப்பான்” என்றார் அக்கா. அவர் குரல் இறங்கிவிட்டது.

“படுத்தா அட்ட உட்ருமா? கொல பண்ண வந்தவன் காலச் சொறிஞ்சுக்கிட்டுல்ல ஓடுவான்!”

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அங்கே ரொம்பச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் மல்லிகா கேட்டாள், “சரிக்கா, நாமல்லாம் இந்தக் கதயில எங்க இருக்கோம்?”

அக்கா தாள்களைப் புரட்டினார். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். கடைசியில் ஒரு வரி அகப்பட்டது. “தேயிலைப் பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள்.”

“எதுக்குச் சிரிச்சோம்?”

“போடல.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராகப் பாயிலிருந்து எழுந்து போனோம். கங்காணியும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது, அக்கா புத்தகத்தை மூடாமல் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். கும்பிடவும் இல்லை.

மறுநாள் அவருக்குப் பக்கத்து நிரையை யாரும் கேட்கவில்லை. அக்காவும் வாய் திறக்கவில்லை. மூன்று நாள் அப்படியே போனது. நிரை விட்டு நிரை மாறினார், கொழுந்தை விட்டுவிட்டுத் தண்டைக் கிள்ளினார். அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த தாளையும் கிழித்துவிட்டார். “இனி எனக்குக் கதயும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று என்னிடம் சொன்னார். அந்த மூன்று நாளும் ரொட்டி வெள்ளைவெளேர் என்று வெந்திருந்ததைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. கதை இல்லாத அக்காவை நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. சிரித்த பாவம் வேறு உறுத்தியது.

நான்காம் நாள் காலையில் நானே போய் அவருக்குப் பக்கத்து நிரையைப் பிடித்தேன். “அக்கா, அந்த ஆறடிக்காரன் என்னா ஆனான்?”

“அவனா? போடி!” என்றார். நாலு செடி தாண்டினார். பிறகு தானாகவே வாய் திறந்தது. “செடிக்குப் பின்னால நின்னான். மல்லிகா பாத்துட்டா.”

இரண்டு நிரை தள்ளி நின்ற மல்லிகா தலையைத் தூக்கினாள். “நானா? பாத்து என்னாக்கா செஞ்சேன்?”

“சும்மாவா விட்ட? சாக்கத் தூக்கி அவன் தலயில கவுத்துட்ட.”

அவ்வளவுதான், மலையே அக்காவின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஒவ்வொருத்தியும் தனக்கு ஓர் இடம் கேட்டாள். கதாநாயகி பட்டுச்சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு, செடி கீறாமல் இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டிக்கொண்டு எங்களிடம் வேலை பழகினாள். வில்லனை அட்டை கடித்தது. நுவரெலியாவில் காத்திருந்த முட்டாள் கதாநாயகனுக்கு, நானுஓயாவுக்கு வழி சொல்லி வேனில் ஏற்றிவிட்டவள் நான். கொலைகாரனைப் பிடிக்கும் கட்டத்தில் தனக்கும் ஒரு தடி கொடுக்கும்படி கங்காணி மன்றாடினார். நூற்றைம்பது பக்க நாவலை அக்கா ஒன்றரை மாதம் சொன்னார்.

அதற்கடுத்த ஞாயிறு தண்ணித் தாங்கிக்குப் போனோம். “அன்புள்ள அம்மா” என்று ஆரம்பித்து, கதையில் இருந்த ஒரு பிழையையும் மிச்சம் வைக்காமல் திட்டித் தீர்த்தார். தட்டித் தட்டி என் விரல் வீங்கிவிட்டது. முடிவில், “ஒடம்பப் பாத்துக்குங்க. அடுத்த கத எப்ப வரும்?” என்றார்.

“இம்புட்டுத் திட்டிட்டு அடுத்தது எப்பனு கேக்குறீங்களேக்கா!”

“அடியே, வேணாதவுங்கன்னா திட்டுவேனா? பொஸ்தகத்த மூடி வெச்சிட்டுப் பேசாமப் போயிருப்பேன்.”

பதில் வரவில்லை. பார்த்ததாக அடையாளம் மட்டும் விழுந்தது. “படிச்சிட்டாங்க, யோசிக்கிறாங்க” என்று அக்கா இறங்கி நடந்தார்.

இப்போது நான் கொழும்பில் இருந்துகொண்டு வாராவாரம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். பத்திரிகை வந்த அன்றே அக்கா போன் செய்துவிடுவார். நானுஓயாவிலிருந்து பட்டிப்பொலைக்கு ரயில் இறங்கியது என்று ஒருமுறை எழுதிவிட்டேன். “எறங்குச்சா? ஏறுதுடி கழுத! கொழும்புக்குப் போயி ரெண்டு வருசத்துல மல மறந்துபோச்சா?” என்று அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

போன இரண்டு வாரமாக அக்காவிடமிருந்து போன் இல்லை. நான் பிழை விடாமல் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. சிக்னலுக்காகத் தாங்கிப் பக்கம் ஏற முழங்கால் விடவில்லையோ, என் எழுத்துத்தான் சலித்துவிட்டதோ, ஒன்றும் புரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். அக்கா, இதிலும் எங்காவது தப்பு இருக்கும். சீக்கிரம் கூப்பிட்டுத் திட்டுங்கள்.