தொட்டிக்குப் பொருத்தம்

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த டிரெசர் தங்கையா, கை கழுவுவதற்கு முன்னால் தொட்டியைப் பார்த்தார். இறாலைக் காணவில்லை.

காலையில் இருந்தது. மீன் லோரியில் வந்த நீல மீனை அதற்குத் துணையாக விட்டுவிட்டுத்தான் டிஸ்பென்சரிக்குப் போனார். இப்போது நீல மீன் மட்டும் ஒன்றுமே தெரியாததுபோல மூலையில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ரஞ்சிதம்! இந்த நீலப் பய இறால முழுங்கிட்டான்!"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்படியாங்க? பாவம்" என்று சொல்லிவிட்டு ரசத்தை இறக்கப் போனாள்.

இது நடந்தது 1978இல். பிரிஞ்சாங் மலையூர் தாண்டி இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை, வெட்டுக்காயத்துக்குக் கட்டு, பிள்ளைப்பேற்றுக்கு வெந்நீர் எல்லாமே தங்கையாதான். ரஞ்சிதம் லூமூட்காரி. படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டில் அலைச் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி மலையேறி ஆறு வருஷம். குளிரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் தேயிலைச் சரிவில் காற்று இரைந்து வீசும் நாள்களில், துவைத்த துணியைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடி நின்றுவிடுவாள்.

"என்ன புள்ள, மயக்கமா?"

"இல்லீங்க. காத்து அடிச்சா கடல் மாதிரியே கேக்குது."

அந்தப் பதில் தங்கையாவை விடவே இல்லை. அவளை ஊருக்குக் கூட்டிப் போகலாமென்றால், தோட்டத்துக்கு அவர் ஒருவர்தான் டிரெசர்; லீவு கேட்டாலே துரையின் முகம் சுருங்கும். சரி, கடலை இங்கே கொண்டுவந்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

தொட்டி மிகச் சின்னது, ரொட்டி டின் அளவுதான். வாராவாரம் வியாழக்கிழமை காலையில் வரும் மீன் லோரிக்காரர் ஈசா, லூமூட் கடல் தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து கொடுத்தார். குளிருக்கு டிஸ்பென்சரியின் ரப்பர் வெந்நீர்ப் பையைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்தார் தங்கையா. உப்பின் அளவு பார்க்க, நோயாளிகளின் சிறுநீரைச் சோதிக்கும் கண்ணாடி மிதவையையே மிதக்க விட்டார். வந்த ஒவ்வொரு உயிருக்கும் ஒரு நோயாளி அட்டை. இறாலின் அட்டையில் இன்று, 'மரணம். காரணம்: நீல மீன்' என்று எழுதினார்.

சாயந்திரம், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் சிங்காரம் கிராணி வந்து அட்டையைப் படித்துப் பார்த்தார். உப்புத்தண்ணீர்த் தொட்டி பற்றி ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பக்கம் படித்தவர் அவர்.

"சின்னத் தொட்டில கண்டதையும் போட்டுட்டு அழக்கூடாது லா. பொருத்தம் பாக்கணும். மேல நீந்துறதுக்கு அடியில ஊர்றதுதான் ஜோடி. சந்திச்சாத்தானே சண்ட?"

அடுத்த வியாழன் சங்கு நண்டு வந்தது. மத்தியானம் பார்த்தால் நீல மீனைக் காணோம்.

"மேலயும் ஏறுவானா இவன்?" என்று தங்கையா பல்லைக் கடித்தார்.

"ரொம்பக் கெட்ட நண்டுங்க" என்றாள் ரஞ்சிதம்.

நண்டின் பிடியில் சிக்காத வேகமான மீன் வேண்டும் என்றார் கிராணி. மறுவாரம் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு மீன் வந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. அன்று மத்தியானம் நண்டைக் காணவில்லை. சங்கையும் காணவில்லை.

கிராணி தலையைச் சொறிந்தார். "சங்கோடயா முழுங்கும்?"

"செரிமானம் ஆகாதே. விளக்கெண்ண குடுக்கவா?"

"எதுக்கும் ரெண்டு நாள் பாருங்க, டிரெசர்."

நான்காம் வாரம் நட்சத்திர மீன் வந்தது. அதற்குக் கண்ணும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. இதைவிடச் சாதுவான உயிர் உலகத்தில் கிடையாது என்றார் கிராணி. மத்தியானம் பட்டை மீனும் போய்ச் சேர்ந்திருந்தது.

தங்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு உயிரைக் கொலைக்களத்தில் தள்ளியவன் தானே என்று நினைத்தார். ஒரே ஓர் ஆறுதல், ரஞ்சிதம். வியாழக்கிழமைகளில் அவள் முகம் கழுவி வைத்த தட்டுபோலப் பளிச்சென்று இருந்தது. அன்றைக்குப் பாட்டுகூட முணுமுணுத்தாள். தொட்டி வேலை செய்கிறது என்று நம்பினார். அதனால்தான் விட மனசில்லை.

"இந்தத் தடவ நானே காவல் இருக்கப் போறேன். எவன் எவனத் திங்கிறான்னு கண்ணால பாத்துடணும்."

துரையிடம் சொந்த வேலை என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினார். ஆறு வருஷத்தில் அதுதான் முதல் லீவு.

வியாழக்கிழமை காலையில் மீன் லோரி தோட்டத்தின் மேல் பிரிவுக்கு ஏறும்போது புது ஆள் ஒருவர் ஒரு குட்டி மஞ்சள் மீனை வாசலில் கொடுத்துவிட்டு அவசரமாகப் போனார். தங்கையா அதைத் தொட்டிக்குள் விட்டு, முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"டிஸ்பென்சரிக்குப் போகலீங்களா?" என்றாள் ரஞ்சிதம்.

"இன்னிக்கு லீவு."

அவள் முகம் சற்று வாடியது. "யாருக்காச்சும் காய்ச்சல் வந்தா?"

"ஆறு வருஷமா நான்தானே பாக்குறேன், ஒரு வேள தாங்கும்."

பத்து மணிக்குத் தேத்தண்ணி வைத்தாள். பதினொரு மணிக்கு, கடைக்குப் போய் மஞ்சள்தூள் வாங்கி வரமுடியுமா என்றாள். அவர் அசையவில்லை. மஞ்சள் மீன் மேலே நீந்தியது. நட்சத்திர மீன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றை ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கையாவுக்கு நம்பவே முடியவில்லை. பொருத்தம் அமைந்தேவிட்டது!

"ரஞ்சிதம், ஓடி வா! சேந்து இருக்குதுங்க!"

அவள் அடுப்படி நிலையில் நின்றாள். முந்தானைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். மூடி போட்ட பால் தூக்கு.

அப்போது, மலையிறங்கி வந்த மீன் லோரியின் ஹாரன் வாசலில் கேட்டது. காலையில் வந்த அதே புது ஆள், ஐம்பது வயதுக்காரர், உள்ளே தலையை நீட்டினார்.

"நான் ஸுல்கிஃப்லிங்க, ஈசா அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, அவருக்குப் பதிலா வந்திருக்கேன். திரும்பிப் போறப்ப, லூமூட் கடல்ல விடச் சொல்லி அக்கா வாராவாரம் ஒண்ணு குடுத்து விடுவாங்களாம், இன்னிக்கு எதுங்க?"