மூல காரணம்

ஐந்து மணிக்குள் அனுப்பிவிடு, அழுவதானால் ஐந்தரைக்கு அழுதுகொள்ளலாம் என்று ஏஞ்சல் மனதுக்குள் தனக்கே சொல்லிக்கொண்டாள். மேசைமேல் இருந்த லேப்டாப்பின் மூலையில் ஒரு மஞ்சள் உருண்டை இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. நெட் தரும் வயர்லெஸ் பெட்டியிடம் முகவரி கேட்கிறதாம். காலை ஒன்பதிலிருந்து கேட்கிறது. பெட்டி தரவில்லை.

நேற்று மத்தியானம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து போன் வந்தது. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் ரசாயனம் தயாரிக்கிற கம்பெனி. பரிசோதனைக் கூடத்தில் கெமிஸ்ட் வேலை. "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சம்மதக் கடிதமும் சர்டிபிகேட்டும் மெயில்ல வந்துடணும்மா. வரலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்" என்று ஒரு பெண் சொன்னாள்.

ஏஞ்சல் எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஆறு வருடமாகிறது. இந்த ஆறு வருடத்தில் அவள் அளந்து ஊற்றிய ஒரே ரசாயனம் கக்கூஸுக்கு ஊற்றும் ஆசிட். சர்டிபிகேட்டுகளை எப்போதோ ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்திருந்தாள். கடிதத்தை நேற்று ராத்திரியே அடித்து வைத்துவிட்டு, காலையில் அனுப்பலாம் என்று படுத்தாள். அனுப்புவது ஒன்றுதான் பாக்கி.

"பதறாத. சிஸ்டமாட்டிக்கா போவலாம்" என்றான் கணவன் இம்மானுவேல்.

அவன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ். இதற்காகவே லீவு போட்டிருந்தான். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு, மேலே 'பிரச்சினை: லேப்டாப் கனெக்ட் ஆகவில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

அவன் தொழிற்சாலைக்கு ஜப்பான்காரர்கள் வந்து சொல்லிக்கொடுத்த முறை அது. ஒரு மெஷின் நின்றால் ஏன் நின்றது என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்குக் கிடைக்கிற பதில்தான் மூல காரணம். அது தெரியாமல் மெஷினில் கை வைக்கிறவன் மெக்கானிக் இல்லை, கொலைகாரன் என்பான். போன வருடம் சாம்பார் அடிப்பிடித்தபோது ஐந்து ஏன் கேட்டு, ஏஞ்சல் தன் அம்மாவோடு போனில் பேசியதுதான் மூல காரணம் என்று கண்டுபிடித்து ஃபிரிட்ஜ்மேல் எழுதி ஒட்டினான். அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

"ஒய் நம்பர் ஒன். ஏன் கனெக்ட் ஆகலை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்களக் கேக்கறேன்?"

"இதான் தப்பு. டேட்டா இல்லாம பேசக்கூடாது."

"உங்க ஆபீஸ் லேப்டாப்புல நெட்டு வருதுங்க. காலைல நீங்க பாத்துக்கினு இருந்தீங்களே."

"அது பிராண்டட்."

"அப்ப அதுலயே அனுப்பிட்றேன்."

இம்மானுவேல் பேனாவை வைத்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தான். "கம்பெனி மெஷின்லேர்ந்து வேற கம்பெனிக்கு வேலை கேட்டு மெயில் போனா எனக்கு மெமோதான் வரும். ரெண்டு பேரும் ஊட்ல குந்திக்கினு இருக்கலாம்."

"வயரை நேரா லேப்டாப்புல குத்திப் பாக்கலாமா?"

"வயர்லெஸ்ல வரலைங்கறதுதான் பிராப்ளம். வயரு குத்தினா ரூட் காஸ் எப்டி தெரியும்?"

அவளுக்கு மூல காரணம் தேவைப்படவில்லை, மெயில் போனால் போதும். ஆனால் லீவு போட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தனக்காக உட்கார்ந்திருக்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? கூடப் படித்த ரெஜினாவின் கணவன், வேலை என்ற வார்த்தையைக் கேட்டதும் சோற்றுத் தட்டை எட்டி உதைத்தானாம். இவன் அப்படியில்லை. இந்த லேப்டாப்பே இவன் வாங்கிக் கொடுத்ததுதான். சர்ச்சில் பாஸ்டரிடம்கூட, "என் வைஃப் சீக்கிரம் வேலைக்குப் போவப் போறா ஐயா" என்று அவனே போய்ச் சொன்னான். நன்றி என்பது காலில் கட்டிய கல் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள்.

பத்தரைக்கு, இரண்டாவது ஏனுக்குப் பதில் கிடைத்தது. படுக்கையறையில் இருக்கும் இரும்பு பீரோ சிக்னலை இழுத்துக்கொள்கிறது.

"பெட்டி ஹால்ல கீது. லேப்டாப்பும் ஹால்ல கீது. பீரோ உள்ள கீது" என்றாள் ஏஞ்சல்.

"சிக்னலு நேரா மட்டும்தான் போவும்னு உனக்கு யாரு சொன்னா?"

பக்கத்துத் தெருவிலிருந்து பரசுராமன் வந்தான். அதே தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். இரண்டு பேரும் சேர்ந்து பீரோவை ஹாலுக்கு நகர்த்தினார்கள். பாதி தூரம் நன்றாகத்தான் வந்தது. அறையின் வாசலுக்கு வந்ததும் ஒரு கால் மடங்கி, பீரோ நிலைக்கு நடுவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை.

உள்ளேயிருந்து மாமியார் மேரியின் குரல் வந்தது. "டேய் நைனா, நான் எப்டிடா வெளிய வர்றது?"

"நீ உள்ளயா கீறம்மா?"

"பின்ன கும்மிடிப்பூண்டி டேசன்லயா கீறேன்? ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன். கண்ணத் தொறந்தா பீரோ போவுது."

"பத்து நிமிசம் பொறும்மா. லேப்டாப்பு முடியட்டும்."

"அந்தப் பொட்டிக்கும் இந்தப் பொட்டிக்கும் இன்னாடா சம்மந்தம்?"

அந்தக் கேள்வியை இம்மானுவேல் தாளில் எழுதவில்லை. பரசுராமன் மட்டும் யோசித்துவிட்டு, "அம்மா கேக்கறது கரெக்ட்டுதான் சார்" என்றான்.

மணி பன்னிரண்டு ஆனது. மஞ்சள் உருண்டை ஓடிக்கொண்டேயிருந்தது.

"நான் புதுவாயல் கூட்ரோட்டுக்குப் போயி பிரௌசிங் சென்டர்ல அனுப்பிட்டு வந்துட்றேங்க. பென் டிரைவ்ல போட்டு எடுத்துக்கினு போறேன்."

"தாராளமா போ. பென் டிரைவ் எங்க?"

அவள் பீரோவைப் பார்த்தாள். லாக்கரில் இருந்தது. பீரோவின் கதவு நிலைச்சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"லேப்டாப்பையே தூக்கிக்கினு போறேன்."

"போன வாரந்தான் பேட்டரி செத்துச்சேம்மா. ஒயரோட தூக்கிக்கினு, கடைக்காரன் பிளக்கு குடுப்பானான்னு நின்னுக்கினு இருப்பியா? போற வழியில கீழ போட்டா சர்டிபிகேட்டே காலி. அம்மாவுக்குச் சோறு குடு மொதல்ல."

பீரோவுக்கும் நிலைக்கும் மேல்பக்கம் ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஏஞ்சல் நாற்காலிமேல் ஏறி, அதன் வழியாகச் சோற்றுத் தட்டை நீட்டினாள். அந்தப் பக்கம் கட்டில்மேல் நின்று மேரி வாங்கிக்கொண்டாள்.

"ஏண்டி, அந்த வேலை இன்னிக்கு அஞ்சு மணிக்கு மேல கெடைக்காதா?"

"கெடைக்காது அத்தே."

"நான் களை பறிக்கப் போவ சொல்லோ எவனும் எங்கிட்ட லெட்டரு கேக்கல. செங்கச் சூளைக்குப் போவ சொல்லோ உம் மாமனாரு ஒய் ஒய்னு எழுதிக்கினு குந்தல. கூடையத் தூக்கினேன், போனேன். நீங்கல்லாம் படிச்சிட்டுப் பேஜாரு பண்றீங்க." கொஞ்சம் பொறுத்து, "ரசம் ஊத்தல" என்றாள்.

கூடையைத் தூக்கினேன், போனேன். ஏஞ்சல் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே அந்த வாக்கியத்தை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளும் கூடையைத் தூக்கியிருப்பாள். எதிர்க்கிறவனோடு சண்டை போடலாம். உதவி செய்கிறவனோடு எப்படிப் போடுவது?

மூன்றாவது ஏனில் பாஸ்வேர்டை மாற்றினார்கள். லேப்டாப்பில் வரவில்லை. நான்காவதில், பெட்டி தாழ்வாக இருப்பதாகச் சொல்லி, சுவரில் ஏசு படத்துக்கு மேலே ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி அடித்த அதிர்வில் படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. சத்தம் கேட்டு மேரி உள்ளேயிருந்து, "இன்னாடா ஒடைஞ்சது?" என்று கேட்டாள். இம்மானுவேல் கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினான்.

"தமீம் பாயக் கூப்பிடலாங்க. லைன் குடுத்தவரு அவருதானே" என்றாள் ஏஞ்சல்.

இம்மானுவேலின் முகம் இறுகியது. "மெயின்டனன்ஸ் இன்சார்ஜ் ஊட்டுக்கு வெளியாள் வந்து ரிப்பேர் பண்ணான்னு தெரிஞ்சா பிளான்ட்ல காறித் துப்புவான். அந்த ஆளு மட்டும் இங்க வரக்கூடாது."

அதையும் அவள் ஆண்பிள்ளையின் ரோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வழக்கமான கரண்ட் கட். நாலு மணிவரை ஒன்றும் செய்வதற்கில்லை. கூட்ரோட்டில் இருக்கிற பிரௌசிங் சென்டரிலும் இதே இருட்டுதான். இம்மானுவேல் பாயை விரித்துப் படுத்தவன் ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டான். இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறானே என்று ஏஞ்சலுக்கு எரிச்சலாக இருந்தது. பாவம், காலையிலிருந்து பீரோ தள்ளியிருக்கிறான் என்று தன்னையே அடக்கிக்கொண்டு விசிறியை எடுத்து அவனுக்கு வீசினாள். ஹைவேயில் லாரிகள் போகிற இரைச்சலைக் கேட்டபடி, அடுத்த ஆள் யாராக இருக்கும் என்று யோசித்தாள். எங்கோ ஒருத்தி, போன் வருமா என்று காத்துக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் நெட் இருக்கும்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தபோது இம்மானுவேல் எழுந்து முகம் கழுவப் போனான். பரசுராமன் நாற்காலிமேல் ஏறிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, பின்னால ஒரு ஓட்டை கீது. ரீசெட்டுன்னு போட்டுக்கீது. ஒரு ஊக்கு குடு."

அவள் புடவையிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் குத்தினான். பெட்டியின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்து, பிறகு ஒன்றிரண்டு மட்டும் எரிந்தன. இப்போது ஆபீஸ் லேப்டாப்பிலும் நெட் போய்விட்டது.

துண்டோடு வந்த இம்மானுவேல் அப்படியே நின்றான். "யாரக் கேட்டுடா ரீசெட் அடிச்ச?"

"இல்ல சார், அஞ்சாவது ஒய்யி..."

"செட்டிங்கெல்லாம் போயிருக்கும்டா. எல்லாம் போயிருக்கும்." அவன் குரல் நடுங்கியது. பரசுராமன் ஊக்கை மேசைமேல் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

தன்னைவிட இம்மானுவேலுக்குத்தான் ஏமாற்றம் அதிகம் போலிருக்கிறது என்று ஏஞ்சலுக்குத் தோன்றியது. அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனில் தமீம் அன்சாரியைக் கூப்பிட்டாள். கல்யாணமானதிலிருந்து அவன் வேண்டாம் என்றதை அவள் செய்வது இதுதான் முதல் தடவை. நம்பர் இரண்டு முறை தப்பாகப் போனது.

பழவேற்காட்டுக்காரரான தமீம் அன்சாரி, கூட்ரோட்டில் கடை வைத்து அந்த வட்டாரத்துக்கே நெட் லைன் கொடுக்கிறவர். நாலு ஐம்பதுக்கு மொபெட்டில் வந்து இறங்கினார். வாசலை மறித்த பீரோவையும், சுவரின் உச்சியில் தொங்கிய பெட்டியையும், கீழே கிடந்த கண்ணாடியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னா சார், ஊடு மாத்திக்கினு போறீங்களா?"

"பாய், நீங்க நாளைக்கு வாங்க" என்றான் இம்மானுவேல். "இன்னும் ரூட் காஸ் முடியல."

"தோ, ரெண்டே நிமிசம். மேடம் அர்ஜென்ட்டுன்னாங்க."

இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. பெட்டியை இறக்கி, யூசர் பேரைக் கேட்டுக் கடைக்குப் போன் போட்டு, அங்கே இருந்த ஆள் நோட்டைத் தேடி எடுத்து வாசித்து, இவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்து முடிப்பதற்குள் சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தாண்டிவிட்டது. ஏஞ்சல் நிமிடமுள்ளைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். ஐந்து எட்டுக்கு மஞ்சள் உருண்டை நின்றது. லேப்டாப் ஒரு நொடிகூடத் தயங்காமல் நெட்டில் சேர்ந்துகொண்டது.

ஐந்து பதினொன்றுக்கு மெயில் போனது. 'காலதாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். சனிக்கிழமை ஐந்து பதினொன்றுக்கு அந்த ஆபீஸில் யார் இருப்பார்கள்? அடுத்த ஆளுக்கு இந்நேரம் போன் போயிருக்கும்.

இம்மானுவேல் அவள் தோளில் கை வைத்தான். "வுடு ஏஞ்சல். இது இல்லன்னா இன்னொண்ணு. நாமளும் காலைலேர்ந்து ட்ரை பண்ணோமில்ல?"

அவள் தலையாட்டினாள். பண்ணோம் என்று அவன் தன்னையும் சேர்த்துச் சொன்னது அந்த நேரத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது.

தமீம் அன்சாரி ஒயர்களைச் சுற்றிப் பையில் வைத்தவர், ஏதோ நினைவு வந்து மறுபடி மேசைக்கு வந்தார். "சார், ரீசெட் அடிச்சதுல நீங்க போட்டு வெச்சதும் அழிஞ்சிபோச்சி. ஊட்ல கீற ரெண்டு லேப்டாப்புல ஒண்ணு மட்டும் நெட்டுல சேரக்கூடாது, எப்டி தடுக்கறதுன்னு நேத்து சாயங்காலம் போன்ல கேட்டுக் கேட்டுப் போட்டீங்களே, அத்த திரும்பப் போட்டு வுட்டுடட்டா?"

இம்மானுவேலின் கை தோளிலிருந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேணாம் பாய்" என்றாள் ஏஞ்சல்.