தறிக்குழிக்கு ஒரு பெயர் கொடுங்கள், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அன்பரசு அவர்களுக்கு,

ஆரணியிலிருந்து மாமனார் குப்புராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் தங்கள் மாமியார் கற்பகமும் எங்கள் தறியும் இங்கே நலம். தங்கள் நலம், சம்பந்தியம்மாள் நலம், எங்கள் மகள் கலைமகள் நலம், தங்கள் கம்பெனி அரசாங்கத்துக்குச் செய்து கொடுத்திருக்கும் கட்டட ஆய்வு ஆப்பின் நலம் யாவும் அறிய விரும்புகிறோம். கடைசியில் சொன்னது நலமாக இருந்தால்தான் மற்றவை நடக்கும் என்பதால் அதையும் சேர்த்து விசாரித்தேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்கிறீர்கள். மீட்டிங்கில் இருக்கும் மனிதரிடம் குழியைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால் இன்றைக்கே சென்னைக் கடைக்குப் புடவை கொண்டுபோகும் ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது வழக்கம். நாங்களும் வேன் பிடித்துக்கொண்டு வந்தோம். சம்பந்தியம்மாள் வாசலில் நின்று, "புது வீட்டுக்கு இன்னும் சர்டிபிகேட் வரல, அது வராம கரண்ட் குடுக்க மாட்டாங்க. ஃபேன் இல்லாத வீட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படிங்க அனுப்பறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. காலி வேனோடு திரும்பினோம். இங்கே வந்து இறங்கும்போது தெருவில் அத்தனை வாசலிலும் ஆள் நின்றது. அன்று முதல் கற்பகம் கடைக்குப் போவதற்குக் கூடப் பின்பக்கச் சந்து வழியைத்தான் பிடிக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு மகள் வராவிட்டால் இந்த வீட்டை யாருக்காகக் கட்டினேன் என்று எனக்கும் விளங்கவில்லை. ஒன்பதாம் மாதம் நடக்கிறது.

என் அண்ணன் வீடு கட்டிய காலத்தில் ஆபீசிலிருந்து ஒருவர் வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், காபி குடிப்பார், தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அது உத்தமமான முறை என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டு மாடிப்படியில் ஏறும்போது இன்றைக்கும் தலை இடிக்கிறது. ஆனால் தாளில் எழுதுகிறவர் 'தறிக்குழி' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

இப்போது வருபவர் அபிஜித் என்று ஒரு பிள்ளை. தேசூர்ப் பக்கம். தங்கமான குணம், கையில் சிலேட்டு மாதிரி ஒரு டேப். அதில் போட்டோ எடுத்தால் ஆப்பே பார்த்து என்ன ஏது என்று கண்டுபிடிக்குமாம். வாசலை எடுத்தார், பச்சை. சமையலறையை எடுத்தார், பச்சை. கூடத்தை எடுத்தார், சிவப்பு. 'கூடத்தில் குழி உள்ளது. என்ன குழி?' என்று கேட்கிறது. தங்கள் குடும்பத்தில் நெசவு இல்லை என்பதால் சொல்கிறேன்: தறிக்குக் கீழே ஒரு குழி இருக்கும், அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டு மிதித்தால்தான் நெய்ய முடியும். எங்கள் தெருவில் அது இல்லாத கூடம் கிடையாது. ஆனால் தங்கள் ஆப்பில் கிணறு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, மழைநீர் சேகரிப்பு இருக்கிறது. தறிக்குழி இல்லை. "எதையாவது தொட்டாதான் அடுத்த பக்கம் போவுதுங்க ஐயா," என்று அபிஜித் தொட்டார். விரல் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்துவிட்டது. சமையலறைக்குப் பக்கத்தில், கூடத்து நடுவில், மூடியில்லாத கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் மனிதன் என்று என் பெயர் பதிவாகி, விண்ணப்பம் திரும்பி வந்தது.

இரண்டாம் முறை நன்றாக யோசித்து மழைநீர் சேகரிப்பைத் தொட்டோம். மாடியிலிருந்து குழிக்கு வரும் பைப்பின் போட்டோ கேட்டது. போட்டோவுக்குத்தானே என்று வீடு கட்டிய மேஸ்திரி ஒரு பைப்பை மாட்டினார். அபிஜித் டேப்பை எடுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கற்பகம் அப்போது நெய்துகொண்டிருந்தாள். "இன்னாங்க இது? நான் கால் வெச்சிகினு இருக்கேன், தண்ணிய வுடறீங்க?" என்று அலறினாள். தறியில் பூட்டிய பாவு நூல் நனையாமல் நானும் மேஸ்திரியும் குடை பிடித்தோம், வீட்டுக்குள். இந்தக் காட்சியைத்தான் போட்டோ எடுக்க வேண்டியதாயிற்று. 'சேகரிப்புக் குழிக்குள் நபர் உள்ளார்' என்று அதுவும் சிவப்பு.

மூன்றாவது முறையும் சிவப்பு வந்தால் ஃபைல் மூடிக்கொள்ளுமாம். பிளான் வரைவதிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பேரப்பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கிவிடும். அந்த மூன்றாவது ஆய்வு நாளைக் காலை. குழியை மூடிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார், நானும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சரி என்றேன். "மூடிட்டு? என் காலை மடிச்சி பரண் மேல வெக்கிறதா?" என்று கேட்டுவிட்டு கற்பகம் போய்க் குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள். இதை எழுதும் இந்த நிமிடம் மேஸ்திரி சிமெண்ட் குழைத்துக்கொண்டு நிற்கிறார், அவள் எழுந்திருக்கவில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன். தாங்கள் மனது வைத்து, அந்தப் பட்டியலில் கிணற்றுக்குக் கீழே 'தறிக்குழி' என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வேறெதுவும் தங்களிடம் நான் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் கும்பிடு. கலைமகளுக்கு முத்தம். ரேணுகாம்பாள் துணையால் தங்கள் கம்பெனியும் ஆப்பும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குப்புராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து செய்ய வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கையில் பையோடு கலைமகள். கற்பகம் குழியை விட்டு எழுந்து ஓடினாள். "நாற்காலில உக்காந்தா முதுகு வலிக்குது, தரையில உக்காந்தா எழுந்துக்க முடில, எனக்கு இதாம்மா சரி," என்று சொல்லி மகள் நேராகப் போய் அம்மா உட்கார்ந்த இடத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, நாளைக்கு ஆப்புக்கு மராமத்து என்று இன்றைக்கே வந்துவிட்டார் அபிஜித். எழுந்திரு என்று பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்படியே எடுத்தார். ஆப் வெகுநேரம் சுற்றியது. பிறகு, 'கூடத்தில் உட்காரும் இடம். ஏற்கப்பட்டது' என்று பச்சை வந்தது. ஆகவே அந்தப் பட்டியலில் ஒரு எழுத்தைக் கூட மாற்றிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். குழைத்த சிமெண்டை வைத்து மேஸ்திரி வாசற்படியைப் பூசிவிட்டார். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தானே வந்தாய் என்று மகளைக் கேட்டேன். "அவரு மீட்டிங்ல இருந்தாருப்பா. நீயே எழுதிடு," என்கிறாள். எழுதிவிட்டேன்.